பழைய தமிழ்ப் பாட்டுக்கு நாலு அம்பு: ஜப்பான் டான்ஸ் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி

மால் மாடி ஆர்கேடில் திரையில் ஓடிவரும் அம்புக்கு ஏற்பத் தாளம் தப்பாமல் காலடி அம்புக்குறியை மிதிக்கிற அந்த ஜப்பான் மெஷினில் ஏறி நின்று, பாட்டுப் பட்டியலை முழுக்க உருட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம பாட்டு ஒண்ணுகூட இல்லையே" என்று இறங்கி வந்த பெங்களூர்த் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த மெஷினில் நாம் எதையும் ஏற்ற முடியாது. ஆனால் வீட்டுக் கணினியில் அதே மாதிரி விளையாட்டை, அப்பா அம்மா காலத்துப் பாட்டை வைத்து, நாமே அம்பு போட்டு ஆடலாம். மென்பொருள் எல்லாம் இலவசம், செலவு என்று பார்த்தால் கால் பேட் (அம்புக்குறி போட்ட, மிதிக்கிற மேட்) விலை மட்டும்தான்.

முதலில் ஒரு ஊர்க்கதை, வேலைக்கும் உதவும். 1974ல் உலகம் முழுக்க ஓடிய 'குங்ஃபூ ஃபைட்டிங்' பாட்டைப் பாடியவர் ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ். தயாரித்தவர் பெங்களூரில் பிறந்து, 1960களில் இங்கேயே பேண்டில் வாசித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போன பிட்டு அப்பையா. இன்னொரு பாட்டின் ரெக்கார்டில் பின்பக்கமாக வைக்க, ஸ்டூடியோ நேரத்தின் கடைசியில் அவசர அவசரமாகப் பதிவு செய்த பாட்டு அது. இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டு இடத்திலும் முதலிடம் பிடித்தது. (இதே ஆள்தான் 1980ல் 'குர்பானி' இந்திப் படத்துக்கு 'ஆப் ஜைசா கோயி' போட்டவர்.) 24 வருடம் கழித்து, 1998ல், ஜப்பானில் கோனாமி கம்பெனி டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் மெஷினை இறக்கியபோது அதன் முதல் பாட்டுப் பட்டியலிலேயே இந்தப் பாட்டும் இருந்தது. அல்சூர் ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் டோக்கியோ ஆர்கேட் அவ்வளவு தூரம் இல்லை.

ஆனால் மெஷினுக்குள் போனது 1974 ரெக்கார்டு கிடையாது. பஸ் ஸ்டாப் என்ற பிரிட்டிஷ் குழு, கார்ல் டக்ளஸையும் சேர்த்துக்கொண்டு புதிதாகப் போட்ட வடிவம். அந்த மெஷினின் ஆரம்பகாலப் பாட்டுகளில் பலவும் தோஷிபா ஈஎம்ஐயின் டான்ஸ்மேனியா தொகுப்புகளிலிருந்து உரிமம் வாங்கியவை. பழைய ஹிட்டுகளை நடனத்துக்கென்று மறுபடி பாடிய கவர்கள் அந்தத் தொகுப்புகளில் நிறைய உண்டு. இதில் அம்பு வைப்பவருக்கு ஒரு பெரிய லாபம்: டிரம் மெஷினில் போட்ட பாட்டு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே வேகத்தில் ஓடும், வேகத்தை ஒரு தடவை கண்டுபிடித்தால் போதும். நம் பழைய பாட்டு அப்படி ஓடாது. ஒரே ஹாலில் வயலின்காரர்கள், தபலா, டோலக், பாடகர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்தது. பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் கொஞ்சம் நிதானம், கடைசியில் தபலாக்காரர் உற்சாகத்தில் இழுத்துக்கொண்டு போவார். பாட்டை மெஷினுக்கு ஏற்ற மாதிரி நேராக்கிவிடலாம் என்று நிறைய பேர் ஆடியோ மென்பொருளில் இழுத்துப் பிடித்துச் சமன் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தப் பாட்டின் உயிரே அந்த ஏற்ற இறக்கம்தான். அம்புகளைப் பாட்டுக்கு ஏற்ப வளைப்பது கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். கீழே சொல்வதில் பாதி அந்த வேலையைப் பற்றித்தான்.

சரி, என்னென்ன வேண்டும். விளையாட ஸ்டெப்மேனியா என்ற மென்பொருள், இல்லையென்றால் அதிலிருந்து பிரிந்து இப்போது சுறுசுறுப்பாக வளர்ந்துகொண்டிருக்கும் ஐடிஜிமேனியா. அம்பு வைக்க ஸ்டெப்மேனியாவுக்குள்ளேயே எடிட்டர் உண்டு, ஆனால் ஆரோவோர்டெக்ஸ் என்ற தனி எடிட்டர் கைக்கு இன்னும் சுலபம். பாட்டை வெட்ட ஆடாசிட்டி. பேட் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஆன்லைனிலோ எஸ்.பி. ரோடு கடைகளிலோ கிடைக்கும் மலிவான யுஎஸ்பி மேட்களில் சில, அம்புகளை நாலு தனித்தனி பட்டன்களாகச் சொல்லாமல் பழைய ஜாய்ஸ்டிக் திசை மாதிரி கணினிக்குச் சொல்லும். ஜாய்ஸ்டிக்கை ஒரே நேரத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் தள்ள முடியாது இல்லையா, அதனால் இடது வலது இரண்டையும் சேர்த்து மிதிக்கும் குதிப்பு பதிவே ஆகாது. வாங்குவதற்கு முன் கடையிலேயே லேப்டாப்பில் சொருகி இரண்டு அம்பையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். மெல்லிய மேட் தரையில் வழுக்கும், அடியில் ஜிம்முக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டோ, குழந்தைகள் அறையில் போடும் ஃபோம் ஓடுகளோ விரித்துவிட்டால் வழுக்காது. அப்பார்ட்மெண்டில் கீழ்வீட்டுக்காரருடன் உறவும் முறியாது. முட்டி வலிக்காரர்கள் விசைப்பலகையிலேயே விரலால் ஆடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது. ஆசைப்பட்ட பாட்டையே முதலில் எடுக்காதீர்கள், தாளம் தெளிவாகக் கேட்கிற பாட்டை எடுங்கள். பாங்கோஸ், டோலக், கைதட்டல் இருக்கும் டூயட் அல்லது கிளப் டான்ஸ் பாட்டு அருமையாக வரும். விருத்தத்தில் ஆரம்பிக்கும் பாட்டு, தாளமில்லாமல் ஆலாபனை நீளும் பாட்டு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆர்கேட் பாட்டுகள் பெரும்பாலும் ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். நம் பாட்டு மூன்றரை, நாலு நிமிடம் போகும். முழுசாக ஆடினால் மூச்சு வாங்கும். பல்லவி, ஒரு இடையிசை, ஒரு சரணம், திரும்ப பல்லவி, இதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டுங்கள். வெட்டும் இடம் முக்கியம்: வயலின்கள் நீளமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது வெட்டினால் ஒட்டு போட்டது காதில் இடிக்கும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது தபலா ஒரு சின்ன உருட்டல் போடும் பாருங்கள், அந்த உருட்டல் முடிந்து சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) விழுகிற அந்த இடத்தில் வெட்டி, பல்லவியின் சமத்தோடு ஒட்டினால் யாருக்கும் தெரியாது. சேமிக்கும்போது எம்பி3 ஆக வேண்டாம், ஓஜிஜி ஆக வையுங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம் வெற்றொலி சேர்ந்துகொள்ளும், அது ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு மாதிரி கையாளப்படுவதால் பிறகு தாளம் தள்ளிப்போய்த் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இப்போது வேகம். ஆரோவோர்டெக்ஸில் பாட்டைத் திறந்து வேகத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அதுவே ஒரு பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்) ஊகித்துச் சொல்லும். புதுப் பாட்டுகளுக்கு அது கச்சிதம், பழைய பாட்டுகளுக்கு அது ஒரு சராசரிதான். அந்தச் சராசரியை நம்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 என்று போட்டு, பாட்டு உண்மையில் 118ல் ஓடினால், 32 அடிக்குள் அம்பும் பாட்டும் கால் விநாடிக்கு மேல் விலகிவிடும். ஸ்டெப்மேனியாவின் வழக்கமான அளவில், அம்பிலிருந்து 0.0225 விநாடிக்குள் மிதித்தால் மார்வலஸ், 0.045க்குள் பர்ஃபெக்ட், 0.09க்குள் கிரேட், 0.18ஐத் தாண்டினால் மிதித்ததாகவே கணக்கில்லை. ஆக, கால் விநாடி விலகல் என்றால், நீங்கள் தபலாவோடு மிகச் சரியாக ஆடினாலும் திரையில் வரிசையாக மிஸ் விழும்.

அதனால் பாட்டைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். ஆடாசிட்டியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, டோலக் அடி விழும் கூர்மையான முனைகளைப் பார்த்து, பல்லவியின் முதல் சமத்தில் ஒரு குறி, இடையிசையின் முதல் சமத்தில் ஒரு குறி, சரணத்தில் ஒன்று என்று வையுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் எத்தனை அடி என்று எண்ணுங்கள், எத்தனை விநாடி என்று பாருங்கள். அடியை 60ஆல் பெருக்கி விநாடியால் வகுத்தால் அந்தத் துண்டின் பிபிஎம். 64 அடிக்கு 32.6 விநாடி ஆனால் 117.79. அந்தத் துண்டு தொடங்கும் இடத்தில் எடிட்டரில் அந்த எண்ணைப் போட்டுவிடுங்கள். பிறகு எடிட்டரின் டிக் சத்தத்தைப் போட்டுக்கொண்டு, ஹெட்ஃபோனில் கண்ணை மூடிக் கேளுங்கள். டிக்கும் டோலக்கும் ஒன்றாக விழுந்தால் ஒரே சத்தமாகக் கேட்கும், விலகினால் 'டடக்' என்று இரட்டையாகக் கேட்கும். இரட்டையாகக் கேட்கும் இடத்தில் துண்டை இன்னும் சின்னதாக்கி மறுபடி அளக்க வேண்டும். பொதுவாக எட்டு ஆவர்த்தத்துக்கு (ஆவர்த்தம் என்றால் இங்கே நாலு அடி சேர்ந்த ஒரு சுற்று) ஒரு தடவை திருத்தினால் போதும், அடங்காத பாட்டுக்கு நாலுக்கு ஒரு தடவை. 117க்கும் 121க்கும் நடுவில் வேகம் மாறினால் திரையில் அம்பு ஓடும் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. தெரிகிறது, எரிச்சலாக இருக்கிறது என்பவர்கள் விளையாடும்போது சி-மாட் என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டால் அம்புகள் ஒரே சீராக வரும்.

எடிட்டர் ஆஃப்செட் என்று ஒன்று கேட்கும், முதல் அடி ஆடியோவில் எங்கே விழுகிறது என்பதைச் சொல்வது. குறியில் குழம்பாதீர்கள்: முதல் அடி 0.350 விநாடியில் விழுந்தால் -0.350 என்று எதிர்மறையாகப் போட வேண்டும். இங்கேதான் நம் பாட்டுகளுக்கே உரிய ஒரு சிக்கல். பல்லவியின் முதல் சொல் எங்கே விழுகிறதோ அதுதான் முதல் அடி என்று காது சொல்லும். பாதிப் பாட்டுகளில் அது பொய். எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், சமத்தில் இருக்காது, அரை இடமோ முக்கால் இடமோ தள்ளித்தான் பாட்டு தொடங்கும். பாட்டி மடியில் தாளம் போட்டுப் பாடுவதைப் பார்த்திருப்பீர்களே, தட்டு முதலில் விழும், பாட்டு அதற்குப் பிறகுதான் வரும். குரலை மறந்துவிட்டு பேஸும் தபலாவின் கனமான அடியும் எங்கே சேர்கின்றன என்று மட்டும் கேளுங்கள். அதுதான் சமம், அதை ஒன்றாம் அடியாக வையுங்கள். இது தப்பினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஆடுகிறவருக்கு எங்கேயோ உறுத்திக்கொண்டே இருக்கும், என்ன என்று சொல்லத் தெரியாது.

அடுத்து நடை, அதாவது ஒரு அடியை எத்தனையாகப் பிரிப்பது என்பது. அம்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எம் கோப்பை நோட்பேடில் திறந்தால், அம்புப் பகுதி முழுக்க வெறும் எண்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரியிலும் நாலு இலக்கம்: இடது, கீழ், மேல், வலது. 1 என்றால் அம்பு, 0 என்றால் காலி. 2 போட்டால் பிடித்து நிற்கும் அம்பு தொடங்குகிறது, 3 போட்டால் முடிகிறது. ஒரு ஆவர்த்தத்துக்கு நாலு வரி எழுதினால் நாலு அடிக்கு நாலு அம்பு:

1000
0010
0100
0001

எட்டு வரி எழுதினால் அரை அடிகள், பதினாறு எழுதினால் கால் அடிகள், அதாவது 'தகதிமி'யின் நாலு எழுத்தும் கிடைத்துவிடும். ஆனால் நம் பழைய பாட்டுகளில் ஏகப்பட்டது திஸ்ர நடை, தபலாவில் தாத்ரா. 'தகிட தகிட' என்று ஓடும் பாட்டை எட்டு வரியில் அடைக்கப் பார்த்தால் ஒரு அம்புகூட சரியாக விழாது. அதற்கு ஒரு ஆவர்த்தத்தைப் பன்னிரண்டு வரியாக எழுத வேண்டும், அடிக்கு மூன்று:

1000
0000
0001
0100
0000
0010
1000
0000
0001
1001
0000
0000

'த'விலும் 'ட'விலும் கால், 'கி' காலி. நாலாவது அடியில் இரண்டு காலும் சேர்ந்து ஒரு குதிப்பு. இதை ஒரு தடவை மிதித்துப் பாருங்கள், குதிரை வண்டிப் பாட்டு எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். எடிட்டரில் செய்வதானால் ஸ்நாப் என்கிற இடத்தில் 12ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். கண்ட நடையில் (அடிக்கு ஐந்து) பாட்டு வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்: இந்த விளையாட்டு ஒரு ஆவர்த்தத்தை 192 கூறாகத்தான் பார்க்கும், அது ஐந்தால் வகுபடாது, அதனால் அம்பு ஒரு மயிரிழை தள்ளி உட்காரும். 120 வேகத்தில் அதிகபட்சம் ஐந்து மில்லி விநாடி விலகும், காலுக்குத் தெரியாது.

இனிமேல்தான் ரசனை. எந்த வாத்தியத்துக்கு அம்பு வைப்பது? என் கட்சி, எளிய நிலைக்குத் தாளத்தோடு போங்கள், கடினமான நிலைக்குக் குரலோடு போங்கள். முதல் ஆட்டக்காரருக்கு டோலக்கின் கனமான அடிகள் போதும். பழகினவர், பாடகர் ஒரு சங்கதி போடும்போது தன் காலும் அந்தச் சங்கதியைப் போட வேண்டும் என்று ஆசைப்படுவார். நீளமான ஹம்மிங்குக்குப் பிடித்து நிற்கும் அம்பு அழகாக இருக்கும். (1998 மெஷினில் அது கிடையாது, 2001ல் வந்த மேக்ஸ் பதிப்பில்தான் வந்தது.) கைதட்டலுக்கும் 'ஹோய்' என்ற கோரஸுக்கும் குதிப்பு. இடையிசையில் புல்லாங்குழல் மட்டும் தனியாக வரும் இரண்டு ஆவர்த்தத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், ஆடுகிறவர் மூச்சு விடட்டும்.

கால் மாற்றி மாற்றி விழ வேண்டும் என்பது அடிப்படை. இடது, கீழ், வலது என்று வேகமாக மூன்று அம்பு வைத்தால், முதல் கால் இடது, இரண்டாவது வலது, மூன்றாவதாக இடது கால் குறுக்கே தாண்டி வலப்பக்கம் போக வேண்டும், உடம்பே திரும்பும். தெரிந்து வைத்தால் அது நடனம், தெரியாமல் வைத்தால் ஆள் விழுவார். திரையில் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். அதனால் வேறொருவரை ஏற்றி ஆடவிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் சித்தி பெண்தான் பரிசோதகர். இரண்டாவது சரணத்தில் பாதியில் நின்றுவிட்டு, "அண்ணா, இங்க ரெண்டு காலும் பின்னிக்குது, நீ ஒருவாட்டி ஆடிக் காட்டு பாப்போம்" என்பாள். அந்த இடத்தை ஒன்றும் பேசாமல் மாற்றிவிடுவது நல்லது. பரிசோதனையைப் பகலிலோ சாயங்காலத்திலோ வைத்துக்கொள்ளுங்கள், இரவு பத்துக்கு மேல் குதித்தால் செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிடுவார்.

சில்லறை வேலைகள் கொஞ்சம் பாக்கி. விளையாட்டில் இருக்கும் ஐந்து கடின நிலைகளில் எளிதும் நடுத்தரமும் மட்டும் செய்தாலே தாராளம். கடின எண் போடும்போது, பழைய மெஷின்களில் பத்துக்குள், 2008ல் வந்த எக்ஸ் பதிப்பிலிருந்து இருபதுக்குள் என்பதை நினைவில் வைத்து எந்த அளவுகோல் என்று குறிப்பிடுங்கள். பாட்டுப் பட்டியலில் நிற்கும்போது ஒலிக்கும் மாதிரித் துண்டுக்குப் பல்லவியின் எடுப்பிலிருந்து ஒரு 12 விநாடி வையுங்கள். பாட்டின் பெயரைத் தமிழ் எழுத்தில் கொடுத்தால் விளையாட்டுக்குள் உடைந்துதான் தெரியும், கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும் அல்லது வராமலே போகும். பெயரையும் கோப்புறையையும் ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, தமிழ்ப் பெயரை அழகாக எழுதி பேனர் படமாகப் போடுங்கள்.

பகிர்வதற்கு முன் ஒரு வார்த்தை. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் உரிமை. 1958ல் வெளியான ரெக்கார்டின் உரிமை 2018 முடிவோடு தீர்ந்தது. உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம், பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு, அது எழுதியவர் இறந்து 60 வருடம் வரை. கண்ணதாசன் 1981ல் மறைந்தார், அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. அதனால் ஆடியோவை வீட்டோடு வைத்துக்கொண்டு, எஸ்எம் கோப்பை மட்டும் அனுப்புங்கள். அதில் இருப்பது நீங்கள் வைத்த அம்புகள்தான்.

ஆடியோவோடு சேர்த்து ஊருக்கே கொடுக்க வேண்டும் என்று ஆசையென்றால் முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுங்கள். 1835ல் மறைந்தவர், உரிமைத் தொல்லை இல்லை. வெள்ளைக்காரன் பேண்டு வாசித்த பழைய மெட்டுகளை எடுத்து அவர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டதுதான் நோட்டுஸ்வரம், ஆக கோனாமிக்கு முன்னோடி நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) அதிகமில்லாமல் நேரான தாளத்தில் ஓடுவதால் முதல் பயிற்சிக்கும் இதைவிட நல்லது கிடையாது. மற்றவர் பாடிய ஒலிப்பதிவை எடுக்காமல் வீட்டில் பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளையையே பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். காதில் மெட்ரோனோம் மாட்டிப் பாடச் சொன்னால் மேலே சொன்ன வேக அளவீட்டு வேலையும் மிச்சம்.

எஸ்எம் கோப்பை மட்டும் அனுப்பும்போது, எந்த ஆல்பத்தின் ஆடியோவிலிருந்து வெட்டினீர்கள், எத்தனையாவது விநாடியிலிருந்து எத்தனையாவது விநாடி வரை, வெட்டிய பிறகு மொத்த நீளம் எவ்வளவு என்று மூன்று இலக்கத் தசமம்வரை எழுதி அனுப்புங்கள். பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டும் சிடியிலிருந்து வந்த பாட்டும் ஒரே வேகத்தில் ஓடாது, டேப் டெக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலே எல்லா பிபிஎம்மும் மாறிவிடும். கோப்பைப் பெறுகிறவர் முதலில் நீளத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும், பொருந்தவில்லை என்றால் வேறு ஆடியோ தேடட்டும்.